கூடையில் இரண்டு ஜோடி

தண்ணீர் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. வசந்தாமணி குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து டியூபின் வாயை நீல டிரம்முக்குள் விட்டுப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் போன். போனில் இரண்டு ஜோடி சைக்கிள் சக்கரங்கள், மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி, இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், சக்கரம் வட்டமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லை, கார்பனாம். கரியை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, துணியை அச்சில் வைத்துப் பசை விட்டுச் சுடுகிறார்களாம், மகள் மிதுனா சொல்லியிருக்கிறாள். துணி என்று கேட்டதிலிருந்துதான் வசந்தாமணிக்குப் பயம் கூடியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டவள் அவள். துணியில் ஓட்டை விழாத நாள் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. எத்தனை நல்ல மெஷினாக இருந்தாலும் ஊசி ஒன்று முறியும், நூல் ஒன்று நழுவும், மடித்துவைத்தால் தெரியாது, விளக்கு வெளிச்சத்தில் விரித்தால்தான் தெரியும். இந்தச் சக்கரத்தை எந்த வெளிச்சத்தில் விரிப்பது? சீனாவில் எங்கேயோ ஒரு ஊரிலிருந்து நேராகப் பெட்டியில் ஏறி நேராக இந்த லைன் வீட்டு வாசலுக்கு வரப்போகிறது, நடுவில் கடை இல்லை, கடைக்காரர் இல்லை, அதனால்தான் விலை குறைவு, அதனால்தான் தட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. விரலை வைத்துத் தடவினாள். கண்ணாடிதான். நல்ல சக்கரமும் கண்ணாடி, கெட்ட சக்கரமும் கண்ணாடி. இத்தனை வருடம் ஓட்டை தேடிய விரல் அந்தக் கண்ணாடியின் மேல் ஒன்றும் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனது.

காலையில் பயிற்சி முகாமிலிருந்து மிதுனா பேசினாள். கேரளத்தில் எங்கேயோ, பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"அம்மா, ரெண்டயும் கூடையிலயேதான் வெச்சிருக்கறன். சீட்டெடுத்த காசு பத்துச்சுன்னா மேல இருக்கறதப் போடு. பத்தலீன்னா கீழ இருக்கறது. ரெண்டும் ஐம்பதுதான். வேற எதையும் தொட்றாத. பச்சப் பட்டன அமுத்துனாப் போதும்."

"நீயே போட்டா என்ன கண்ணு?"

"கார்டு உன்றது, ஓடிபி உன்ற போனுக்குத்தான் வருது. நான் மத்தியானம் பூரா ரோட்டுல இருப்பேன். இன்னிக்குப் பொழுதோட தள்ளுபடி முடிஞ்சிரும். இன்னிக்குப் போட்டாத்தான் போட்டிக்கு முன்னால வந்து சேரும். புரிஞ்சுதா? ஐம்பது."

"புரிஞ்சுது."

"எங்க, சொல்லு பாக்கலாம்."

"ஐம்பது."

ஐம்பது என்றால் சக்கரத்தின் விளிம்புக்கு அத்தனை மில்லிமீட்டர் உயரம். உயரம் கூடினால் எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம். அதே பக்கத்தில் முப்பத்தெட்டு என்று ஒரு சின்ன வட்டம், அறுபது என்று ஒரு சின்ன வட்டம், ஐம்பது மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும். மேல் ஜோடி நாலு பேருக்குத் தெரிந்த கம்பெனியின் சக்கரம், பெயரையும் உத்தரவாதத்தையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். கீழ் ஜோடிக்குப் பெயரே இல்லை, விலையும் பாதி. சீட்டுக் காசு பத்தாமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். காசே முடிவு செய்திருக்கும், அவள் பாட்டுக்குப் பட்டனை அமுக்கிவிட்டுத் தண்ணீர் பிடித்திருப்பாள். ஆனால் இந்த முறை ஏலத்தில் போட்டி போட ஆளே இல்லை, சீட்டு முழுசாக அவள் கைக்கு வந்துவிட்டது, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காசு பத்தியது. பத்திய காசை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க்கா, போனுக்குள்ளயே போயிருவீங்களாட்ட இருக்குது. டிரம்மு பாதிகூட ரொம்பல." எதிர்வீட்டு நாகரத்தினம் குடங்களை வரிசையாகக் கவிழ்த்துவைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். அதே கம்பெனியில் அயர்னிங் பிரிவு.

"சக்கரம் பாக்கறன் நாகு. புள்ளைக்கு."

"காலைல இருந்து பாக்கறீங்க. என்ற வூட்டுக்காரர் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நா அவர இத்தன நேரம் பாக்கலீங்க்கா."

"அதான் இப்ப அனுபவிக்கறே."

"அதுஞ் செரிதான்." நாகரத்தினம் சிரித்துக்கொண்டே குனிந்து போனை எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாறத்தான இருக்குது. வெல கம்மியாப் போட்டு உடுங்க. சுத்தறதுதான சக்கரம்."

சுத்துகிறதுதான் சக்கரம். வசந்தாமணி தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு விலை குறைந்த ஜோடியைத் தொட்டாள். தொட்டதும் அதை வாங்கினவர்கள் எழுதினதெல்லாம் கீழே கீழே வந்தது, எந்தெந்த நாட்டுக்காரர்களோ அவரவர் பாஷையில் எழுதினதைப் போனே தமிழாக்கிக் காட்டுகிறது, பார்சல் எங்கே வருகிறதென்று அம்மாவுக்குத் தெரியட்டும் என்று மிதுனாதான் தமிழ் வைத்துக் கொடுத்திருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி உலகத்து மனுசரெல்லாம் தமிழில் வந்து பேசுவது முதலில் வேடிக்கையாக இருந்தது. 'பின் சக்கரம் தேனீக்கள் போலப் பாடுகிறது, அயலார் வெளியே வந்தார்கள்.' 'என் மனைவிக்கு விலை தெரியாது, ஐந்து நட்சத்திரம்.' 'பக்கத்துக் காற்று என்னை நடனமாட அழைத்தது, நான் விரும்பவில்லை.' சாப்பாட்டு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு இதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள், ஒரு வாரமாக. 'எட்டு மாதம், மலை, மழை, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.' அந்த மனுசன் யாரோ, தாடி வைத்திருப்பானோ என்னவோ, அவன் உயிரோடு இருப்பது அவளுக்கு எத்தனை தெம்பாக இருந்தது. அவனை நம்பி அந்த ஜோடியையே போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். அப்புறம்தான் அந்தப் போட்டோ வந்தது. கறுப்பு விளிம்பில், பிரேக் கட்டை பிடிக்கிற இடத்தில், முடி மாதிரி ஒரு கோடு. முதலில் போன் கண்ணாடியில்தான் முடி ஒட்டியிருக்கிறது என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. கோட்டுக்குக் கீழே ஒரே வரி: 'வலது தோள் இப்போது பரவாயில்லை.' அவ்வளவுதான் எழுதியிருந்தான். எப்படி விழுந்தான், எங்கே விழுந்தான், யார் தூக்கினார்கள், ஒன்றும் இல்லை. வலது தோள் பரவாயில்லை என்றால் இடது தோள்? முகம்? பல்? பரவாயில்லை என்று சொல்ல முடியாத எத்தனை பேர் ஒன்றுமே எழுதாமல் போயிருப்பார்கள்? அவர்கள் எழுதாத இடங்கள்தான் அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதற்கப்புறம் அந்த வெள்ளையைப் பார்க்காமல் அவளால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை.

சூட்டில் இளகுமாம். மலையில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விளிம்பு சூடாகி, மட்டமான பசையாக இருந்தால் உள்ளேயே இளகித் துணி துணியாகப் பிரியுமாம். அதைப் படித்தபோது மூக்கில் பிரேக் லைனர் கருகுகிற வாசனை வந்தது. புருசன் குப்புராஜ் லாரி ஓட்டினவன். கல்யாணமான புதிதில் மைசூருக்கு லோடு ஏற்றிப் போகும்போது ஒரு தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போனான், திரும்பி வரும்போது திம்பம் மலை இறக்கத்தில் அந்த வாசனை வந்தது, ரப்பரும் இரும்பும் முடியும் சேர்ந்து எரிகிற மாதிரி. அவன் ஒன்றும் பேசாமல் வண்டியை ஓரம் கட்டி, கல்லை எடுத்து டயருக்கு அணை கொடுத்து, பீடி பற்றவைத்துக்கொண்டு, ஆறட்டும் என்றான். ஆறுகிறவரைக்கும் இரண்டு பேரும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குப் பிடித்த பயம். அவன் ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் திம்பமும் அந்தப் பள்ளமும்தான் அவள் கண்ணில் வந்து நிற்கும். கடைசியில் அவன் எந்த மலையிலும் போகவில்லை. ஹூப்ளிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில், சமதரையில், டம்ளரைக் கையில் வைத்தபடி சாய்ந்துவிட்டான். நெஞ்சு. அத்தனை வருடம் அவள் பயந்த பயம் அத்தனையும் தப்பான இடத்துக்குப் போயிருந்தது. அப்படியென்றால் இப்போது பயப்படுகிற இடமும் தப்பான இடம்தானோ? சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது சாவு வேறு பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்குமோ? சீ, என்ன நினைப்பு இது, பிள்ளை ரோட்டில் இருக்கும் நேரத்தில். டியூபை விட்டுவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். ஈரக்கை கன்னத்தில் சில்லென்று பட்டது. டியூப் டிரம்முக்கு வெளியே நழுவித் தரையெல்லாம் ஓடியது.

"அய்யோ, தண்ணி போகுதுங்க்கா! பத்து நாளைக்கு ஒருக்கா வர்றத இப்பிடி மண்ணுக்கு ஊத்தறீங்க!"

"பாத்துக்கறன், பாத்துக்கறன்."

டியூபை மறுபடி உள்ளே விட்டாள். சரி, மேல் ஜோடிதான். காசு இருக்கிறது, பிள்ளையும் அதைத்தான் கேட்டாள், சூட்டில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், கோடு விழுந்த போட்டோ ஒன்றுகூட இல்லை. பச்சைப் பட்டனுக்கு நேராகக் கட்டைவிரலைக் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது. இன்றைக்கு இது எத்தனையாவது தடவை. கெட்டதில் கையை வைக்கப் பயம் வருவது நியாயம், நல்லதில் கையை வைக்கும்போது வருகிற பயத்துக்கு என்ன நியாயம், இதை நாகரத்தினத்திடம் சொல்ல முடியாது, யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் பெற்றவளா நீ என்பார்கள்.

போன வருடப் போட்டியில் மிதுனா நான்காவதாக வந்தாள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மெடல், மெடல் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, இல்லையென்றால் ஒன்றும் இல்லை, நான்காவதுக்குக் கைதட்டல்கூடக் கிடையாது. வீட்டுக்கு வந்து பாயில் சுருண்டவள்தான். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், விளக்குப் போட்டால் கத்துவாள், அணைத்தால் அழுகைச் சத்தம். காலைத்தான் அடித்துக்கொண்டாள். இந்தக் காலுதான், இந்தக் காலுதான் என்று தொடையில் குத்திக் குத்தி, பச்சை பச்சையாகக் கன்றிப்போயிருந்தது. வசந்தாமணி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை குளிக்கப் போன நேரம் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் மொள்ளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு சொம்புக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானால் கதவைத் தட்டினாள். இரண்டாம் நாள் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். தாழ்ப்பாள் எங்கேம்மா என்று மிதுனா கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அப்புறம் ஒருநாள் பகலில், பாயில் படுத்தபடியே, "சக்கரம்தாம்மா," என்றாள். "அவளுக எல்லாம் கார்பன் போட்டிருந்தாளுக. நான் இந்தத் தகரத்தப் போட்டுட்டு எப்பிடிம்மா ஜெயிக்கறது?" அத்தனை நாளைக்கப்புறம் வந்த முதல் பேச்சு. வசந்தாமணி விழுந்தடித்துக்கொண்டு, "ஆமா கண்ணு, சக்கரந்தான், வேறென்ன, சக்கரந்தான்" என்றாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. தயிர்சாதம் பிசைந்து கொடுத்ததைத் தின்றது. சக்கரம் என்ற அந்த ஒரு சொல்தான் பிள்ளையைப் பாயிலிருந்து தூக்கி நிறுத்தியது.

அதை அவளும் நம்பித்தான் இருந்தாள், போன மாதம் முகாமுக்கு வழியனுப்பப் போகிறவரைக்கும். பஸ் கிளம்புகிறதுக்கு முன்னால் சைக்கிள் பழக்குகிற மாஸ்டர் ஜெயசீலன் அவளைத் தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டார். நல்ல மனுசர், பிள்ளைகளைத் திட்டினாலும் பேர் சொல்லித்தான் திட்டுவார். டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார். "அம்மா, உங்க பொண்ணு மாதிரி உழைக்கற புள்ளய நான் பாத்ததில்ல. ஆனா ரெண்டு வருசமா அந்தக் கால்ல இருந்து வர்ற பலம் அப்பிடியே நிக்குது. பயிற்சியக் கூட்டிப் பாத்தேன், கொறச்சுப் பாத்தேன், சாப்பாட்ட மாத்திப் பாத்தேன். அவ்வளவுதான் இருக்கு. கடவுள் குடுத்தது அவ்வளவுதான்." சக்கரம் மாற்றினால் என்று அவள் ஆரம்பித்தாள். "கண்ண மூடித் திறக்கற நேரம் மிச்சம் பண்ணலாம். மூணாவது வந்த பொண்ணுக்கும் நம்ம புள்ளைக்கும் நடுவுல ஒரு சொம்புத் தண்ணி குடிச்சு முடிக்கற நேரம் இருந்துச்சும்மா. இந்த வருசம் புதுசா ரெண்டு புள்ளைங்க வேற வந்திருக்காங்க. போட்டிக்கு உண்டான வயசும் இந்த வருசத்தோட முடியுது. நான் சொன்னா ஒடஞ்சிரும். நீங்க பக்குவமாச் சொல்லிப் பாருங்க." பக்குவமாக. எந்தப் பக்குவத்தில் சொல்வது, பாகு எடுக்கிற மாதிரி நுரை வரும்போதா, கம்பிப் பதம் வரும்போதா? பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக மிதுனா, "சீட்டு வந்ததும் சொல்லும்மா," என்று கத்தினாள், முகமெல்லாம் சிரிப்பு. வசந்தாமணி கையை ஆட்டினாள். மாஸ்டர் வாங்கிக் கொடுத்த டீயை அவள் குடிக்கவே இல்லை, டம்ளரைக் கடையில் வைத்தாளா கையோடு கொண்டுவந்தாளா என்பதுகூட நினைவில்லை.

ஆக நல்ல சக்கரத்தை வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? தேனீ மாதிரி பாடிக்கொண்டு போகும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். போய் நான்காவதாக வரும், ஐந்தாவதாக வரும், ஆறாவதாக வரும். அப்போது பாயில் விழுகிற பிள்ளை எதைச் சொல்லும்? சக்கரம் நல்ல சக்கரம். சைக்கிளைச் சொல்ல முடியாது, மாஸ்டரைச் சொல்ல முடியாது. கால்தான் மிச்சம். அந்தக் காலைக் குத்திக்கொண்டு, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால், இந்தத் தடவை எந்தச் சொல் வந்து தூக்கும்? சரி, கெட்ட ஜோடியை வாங்கினால்? மட்டமான சக்கரம்மா, அதான் என்று சொல்லிக்கொள்ளலாம். பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முடி மாதிரிக் கோடு. அது மலை இறங்கும்போது வெடித்தால் சொல்லிக்கொள்ள யார் இருப்பார்கள்? வாங்காமலே விட்டால்? நெட் வரவில்லை, ஓடிபி வரவில்லை என்றால்? சாயங்காலமே மிதுனா எவளோ ஒருத்தியின் கார்டை வாங்கி மேல் ஜோடியைப் போட்டுவிடுவாள், காசை அனுப்பும்மா என்பாள். நல்லதைப் போட்டால் மனசு முறியும், கெட்டதைப் போட்டால் எலும்பு முறியும். மேலே விரலைக் கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள். சிவப்பு எழுத்தில் தள்ளுபடி நேரம் இறங்கிக்கொண்டே இருந்தது, தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, இரண்டில் எது முதலில் முடியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏதோ அது முடிந்தால் தனக்கும் எல்லாம் முடிந்துவிடும் என்பதுபோல.

மேல் ஜோடியைப் பெரிதாக்கினாள். ஐம்பது ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. பக்கத்தில் முப்பத்தெட்டு சாம்பல் நிறத்தில் இருந்தது. பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் காற்றாலைகள் வரிசையாக நிற்கிற இடத்தில்தான் பிள்ளை பழகப் போகும், ஆடி மாதக் காற்று அங்கே ஆளையே தள்ளும், அந்த மாதிரிக் காற்றில் விளிம்பு உயர்ந்த சக்கரம் பாய்மரம் மாதிரி பிடித்துக்கொண்டு லாரிக்குள் தள்ளிவிடும் என்று ஒருத்தன் எழுதியிருந்தான். முப்பத்தெட்டு ஆடாதாம். மலைக்கு நல்லதாம், பயந்தவர்களுக்கு நல்லதாம், நேர்ப் பந்தயத்துக்குத்தான் கொஞ்சம் சோடையாம். வேற எதையும் தொட்றாத என்று சொன்னாளே. தொட்டால்? கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பழுதான பீஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவின் தலையில் கணக்கு ஏற வேண்டும், ஓட்டை என்றால் நிட்டிங், சாயத் திட்டு என்றால் டையிங், கோணல் என்றால் தையல். எவனும் ஒத்துக்கொள்ளாத பழுது ஒன்று வந்துவிட்டால், சாயங்காலம் லாரி கிளம்புகிற நேரம், சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு செக்கிங் மேசைப் பக்கம்தான் வருவார். செக்கிங்ல அழுக்குக்கை பட்டதுன்னு போட்டுக்கலாமா வசந்தாமணி? போட்டுக்குங்க என்பாள். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். யாராவது ஒருத்தர் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டால்தான் லாரி நகரும்.

கட்டைவிரல் சாம்பல் வட்டத்தின் மேல் இறங்கியது. முப்பத்தெட்டு ஆரஞ்சாக எரிந்தது, ஐம்பது அணைந்தது. அவள் அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள், தப்பைச் சரியாகத்தான் செய்கிறோமா என்று. சக்கரம் நல்ல சக்கரம், உடையாது. ஆனால் பிள்ளை கேட்ட சக்கரம் இல்லை. பச்சைப் பட்டனை அமுக்கினாள். ஓடிபி வந்தது. போட்டாள். திரையில் வண்ண வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்து, 'வாழ்த்துகள்' என்று வந்தது.

"போட்டுட்டீங்களா?" நாகரத்தினம் தன் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எந்த ஜோடி?"

"மேல இருக்கறது."

"நல்லதாப் போச்சு. ஜெயிச்சதும் எங்களுக்கெல்லாம் முட்டாய் குடுக்கோணும்."

"குடுக்கறன்."

வெயில் சுவரை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. ரோட்டிலிருந்து வந்த மிதுனா முதல் வேலையாகப் போனைத்தான் பார்த்திருப்பாள். வசந்தாமணி ஈரக் கையைத் துடைக்காமலே எடுத்தாள்.

"அம்மா! என்னம்மா பண்ணி வெச்சிருக்கற? முப்பத்தெட்டு போட்டிருக்கற!"

"அப்பிடியா கண்ணு? ஐம்பதத்தான அமுத்துனன்?"

"எங்கம்மா அமுத்துன? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, எதையும் தொட்றாதன்னு. கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு? இனி கேன்சல் பண்ணி, காசு திரும்ப வந்து, மறுபடி போட்டு... போட்டியே முடிஞ்சிரும்மா! முப்பத்தெட்ட வெச்சுட்டு நான் என்ன பண்றது? கடைசி வருசம்மா இது. உன்னாலதாம்மா போச்சு. எல்லாம் உன்னால."

"ஆமா கண்ணு," என்றாள் வசந்தாமணி. "என்னாலதான்."

அதைக் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டாளோ என்னவோ. அந்தப் பக்கம் சத்தம் நின்றது. யாரோ பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற சத்தம், ஒரு பெண் சிரிக்கிற சத்தம், அப்புறம் மூச்சு மட்டும். பிள்ளையின் மூச்சு அவளுக்குத் தெரியும், கதவுக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டுப் பழகின மூச்சு.

"அம்மா." குரல் இறங்கியிருந்தது. "மாஸ்டர் உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

வசந்தாமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிள்ளைக்குத் தெரியும், தன் கால் அவ்வளவுதான் என்று. எப்போதிருந்து தெரியும்? ஜன்னல் வழியாகச் சிரித்தாளே, அப்போதேவா? போன வருடம் பாயில் படுத்துக்கொண்டு சக்கரம்தாம்மா என்று சொன்னபோதேவா? தனக்காகச் சொன்னாளா, வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்காகச் சொன்னாளா?

"என்னடி சொல்லுவாரு?" என்றாள். "ஒண்ணுஞ் சொல்லல. எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு. வெயில்ல உக்காந்துட்டு அமுத்துனன், எது எரியுது, எது எரியலைன்னே தெரீல. எட்டாங்கிளாஸ் படிச்சவகிட்டக் குடுத்தா வேறெப்பிடி இருக்கும்?"

பிள்ளை போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தாள், நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி காதில் வைத்தாள்.

"ஒரு வேல சொன்னா ஒழுங்காச் செய்யத் தெரியுதா உனக்கு?" என்று மிதுனா மெதுவாகத்தான் ஆரம்பித்தாள், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவளைப்போல. "எப்பப் பாரு இப்பிடித்தான். எதச் சொன்னாலும் தப்பாத்தான் பண்ணுவ." குரல் நடுங்கியது, நடுங்கியதை மறைக்க உயர்ந்தது. "ஜெயிச்சிருப்பேம்மா! ஐம்பது மட்டும் இருந்திருந்தா இந்த வருசம் ஜெயிச்சிருப்பேன், தெரியுமா உனக்கு?"

"தெரியும் கண்ணு," என்றாள் வசந்தாமணி. "திட்டு. நல்லாத் திட்டு."

பிள்ளை திட்டத் தொடங்கியது.